பஞ்சுத் தூண்டில்

போன மாதம் ஒரு புற ஊதா டார்ச் வாங்கினேன். கட்டைவிரல் நீளம்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அலமாரியைத் திறந்து அடித்தால், அப்பாவின் வேட்டி பேய் மாதிரி நீலமாய் எரிகிறது. அதற்குக் கீழ்த் தட்டில் இன்னும் தண்ணீரே காணாத காடாத் துணிப் பை ஒன்று, செத்த மாதிரி கிடக்கிறது. பையனின் பள்ளிச் சட்டை எரிகிறது. தலையணை உறை எரிகிறது. என் கைக்குட்டைகூட எரிகிறது.

"அம்மா, இங்க வந்து பாரேன்!"

"துணியைத் துவைச்சா வெளுக்கத்தான் செய்யும். போய்ப் படு."

அம்மா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். துவைத்ததால் அது வெளுக்கவில்லை. வெளுத்த மாதிரி நடிக்கிறது! சோப்புத் தூளில் 'வெண்மையூட்டி' என்று ஒரு சாமான் இருக்கிறது. அது ஒரு பொட்டு அழுக்கைக்கூட எடுக்காது. வெயிலில் இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாகத் திருப்பித் துப்பும். பழுப்பேறிய துணியில் அந்த நீலம் கலந்ததும் நம் கண் ஏமாந்து, 'ஆஹா, தும்பைப் பூ!' என்கிறது. நம் பாட்டிகள் சொட்டு நீலம் போட்டு அலசியதும் ஏறக்குறைய இதே ஏமாற்று வேலைதான். ஆனால் நீலம் வெறும் சாயம், ஒளிராது. அதற்கு அடுத்த தலைமுறை டினோபால் என்ற வெண்மையூட்டி. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே மொடமொடப்பான வெள்ளைச் சட்டை ஒன்று ஞாபகத்துக்கு வரும். ஒளிரும் சாமான்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் 1929-ல் வந்தான். பவுல் கிரைஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், குதிரைக் கஷ்கொட்டை மரத்தின் சாற்றில் நனைத்த துணி கூடுதல் வெள்ளையாகத் தெரிவதைக் கண்டுபிடித்தார்.

டார்ச் இல்லாதவர்கள், கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கு வைத்திருக்கும் கடைக்குப் போய், நோட்டோடு சேர்த்து உங்கள் வெள்ளைச் சட்டைக் கையையும் நீட்டிப் பாருங்கள். நல்ல நோட்டின் தாள் மங்கலாகவே இருக்கும். அதில் வெண்மையூட்டி சேர்ப்பதில்லை. எண்களும் உள்ளே கிடக்கும் சில இழைகளும்தான் மின்னும். உங்கள் கை மட்டும் டியூப் லைட் மாதிரி பளிச்சிடும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இனிமேல்தான் கதை சாக்கடைக்குள் இறங்குகிறது.

சோப்பில் இருக்கும் வெண்மையூட்டி முழுவதும் துணியில் ஒட்டிவிடாது. மிச்சம் அலசிய தண்ணீரோடு போய்விடும். ஆறு, ஓடை, ஏரி எதிலும் இது தானாக ஊறுவதில்லை. ஆகவே ஓடைத் தண்ணீரில் இது இருந்தால், மேலே எங்கோ ஒரு வீட்டில் துணி துவைத்த தண்ணீர் நழுவி வந்திருக்கிறது என்று அர்த்தம். சரி, ஓடை மேல் டார்ச் அடித்தால் தெரிந்துவிடுமா? தெரியாது. அவ்வளவு நீர்த்துப் போயிருக்கும். பிடிப்பதற்கு ஒரு கண்ணி வேண்டும். என்ன கண்ணி? பஞ்சு! வெறும் பஞ்சு! பருத்தியைக் கண்டால் விடாமல் ஒட்டிக்கொள் என்று சொல்லித்தானே சோப்புக் கம்பெனிக்காரர்கள் இந்தச் சாமானைத் தயாரித்தே அனுப்புகிறார்கள்? வேட்டி என்று நினைத்து அது பஞ்சில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஓடை ஓடிக்கொண்டே இருக்க, பஞ்சு சேர்த்துக்கொண்டே இருக்கும். இதை முதன்முதலில் யோசித்தவரை நான் கட்டிப்பிடித்து ஒரு காபி வாங்கிக் கொடுப்பேன். காபி பற்றி அப்புறம் ஒரு வில்லங்கம் இருக்கிறது, வருகிறேன்.

ஒரே நிபந்தனை, பஞ்சு 'கன்னி'யாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பருத்திச் சாமான்கள் பலவற்றில் ஏற்கெனவே வெண்மையூட்டி ஏற்றியிருப்பார்கள். சுண்ணாம்புக் குகைப் பகுதிகளில் நிலத்தடி நீர் எங்கே போய் வெளியே வருகிறது என்று தேடுகிறவர்கள் வெண்மை ஏற்றாத பஞ்சைச் சின்னக் கம்பிவலைக் கூட்டில் அடைத்து ஊற்றுகளில் கட்டுவது பழைய வழக்கம். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் லெர்னர் என்ற பேராசிரியரும் டேவ் சாண்ட்லர் என்ற ஆய்வாளரும் அந்தக் கம்பிவலைகூட வேண்டாம் என்று முடிவு கட்டினார்கள். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற, வெண்மையூட்டி படாத, கச்சிதமாகச் சுருட்டிய, முக்கியமாக வாலில் நூல் கட்டியே வருகிற ஒரு பொருளை எடுத்தார்கள்.

டாம்பான்!

மாதவிடாய் நாட்களில் உள்ளே வைத்துக்கொள்ளும் பஞ்சுச் சுருள். நம் ஊரில் நாப்கின் அளவுக்குப் புழக்கம் இல்லை. அங்கே சாதாரணம், அந்த ஆய்வு நடந்தபோது ஒன்று 20 பென்ஸ். அந்த நூலைப் பாருங்கள்! கழியில் கட்ட வேறு கயிறே தேவையில்லை. 2015-ல் இந்த ஆய்வுக் கட்டுரை வெளியானபோது பத்திரிகைகள் துள்ளிக் குதித்து எழுதியதில் ஆச்சரியமே இல்லை. நானும் இப்போது அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் ஆய்வகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 0.01 மில்லிலிட்டர் சோப்புத் திரவம் கலந்தார்கள். நம் கணக்கில் சொன்னால் ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று சொட்டு. மழைநீர்க் குழாயில் எதிர்பார்க்கக்கூடியதைவிட இது 300 மடங்குக்கும் மேல் நீர்த்தது. அதில் டாம்பானை வெறும் 5 விநாடி முக்கி எடுத்து விளக்கைக் காட்டினால் உடனே நீலம். அதை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 30 நாள் கழித்தும் ஒளிர்ந்தது.

பிறகு ஊருக்குள் இறங்கினார்கள். ஷெஃபீல்டில் ஓடைகளில் வந்து விழும் 16 மழைநீர்க் குழாய் வாய்களைத் தேர்ந்தெடுத்து, மூங்கில் கழியில் டாம்பானைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மூன்று நாள். ஓடைக்கரையில் நாய் கூட்டிக்கொண்டு நடந்துபோன பெரியவர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. மூன்றாம் நாள் எடுத்து இருட்டில் விளக்கடித்தபோது 16-ல் 9 எரிந்தன.

மழைநீர்க் குழாய் என்றால் மழைத் தண்ணீர் மட்டும்தானே வர வேண்டும்? அங்கே பல பகுதிகளில் இரண்டு குழாய்கள். கழிவறை, சமையலறை, துவைக்கிற தண்ணீர் எல்லாம் ஒன்றில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். கூரையிலும் தெருவிலும் விழும் மழை இன்னொன்றில் நேரே ஓடைக்குப் போகும். புதிதாக வாஷிங் மெஷின் வாங்கிய வீட்டில், அல்லது பின்கட்டில் ஒரு குளியலறை எடுத்த வீட்டில், பிளம்பர் கைக்கு எட்டிய குழாயில் சொருகிவிட்டுப் போய்விடுகிறார். அது மழைநீர்க் குழாயாக இருந்துவிட்டால் வாரா வாரம் நுரை நேரே மீன் தலையில். வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. தண்ணீர் போகிறதா, போகிறது. அவ்வளவுதானே! பிரிட்டனில் இப்படி இடம் மாறி இணைத்த வீடுகள் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்று லெர்னர் அப்போது கணக்குச் சொன்னார்.

இனி துப்பறியும் படலம். எரிந்த ஒன்பதில் நான்கை எடுத்துக்கொண்டு, யார்க்‌ஷயர் வாட்டர் நிறுவன ஆட்களோடு குழாயைப் பின்னோக்கித் தொடர்ந்து போனார்கள். ஒவ்வொரு மேன்ஹோல் மூடியையும் திறந்து ஒரு டாம்பானை இறக்க வேண்டியது, எடுக்க வேண்டியது, விளக்கடிக்க வேண்டியது. எரிகிறதா, இன்னும் மேலே போ. எரியவில்லையா, தாண்டி வந்துவிட்டோம், இரண்டு மூடிக்கும் நடுவில்தான் ஆள். நாலு தெரு சுருங்கி இரண்டு தெருவாகி, இரண்டு தெரு சுருங்கிப் பத்து வீடாகிவிடும். அப்படித் தேடிய ஓர் இடத்தில், வீட்டின் வெளிச்சுவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கழுவுதொட்டியின் குழாய் மட்டும் இல்லை, கழிவறைக் குழாயும் சேர்ந்தே மழைநீர்க் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. 20 பென்ஸ் பஞ்சு, ஒரு மூங்கில் கழி, ஒரு விளக்கு!

சந்தோஷத்தில் இதன் பலவீனத்தை மறைக்கக் கூடாது. வெண்மையூட்டி வெயில் பட்டால் சிதையும். நீண்ட தூரம் திறந்த வாய்க்காலில் ஓடி வந்தால் ஏமாற்றலாம். எவ்வளவு இருக்கிறது என்று பஞ்சு சொல்லாது, இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். வெண்மையூட்டி இல்லாத சோப்பில் துவைக்கும் வீடு தப்பித்துவிடும். 'எவ்வளவு, என்னென்ன' என்று கேட்டால் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே நடக்கும் கூத்து தனி.

காபி வில்லங்கம் என்றேனே, அது இங்கேதான். 1999, 2000 ஆண்டுகளில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் டானா கோல்பின் தலைமையில் 30 மாநிலங்களில் 139 ஓடைகளிலிருந்து தண்ணீர் எடுத்து, 95 வேதிப்பொருட்களைத் தேடியது. மாத்திரை, சோப்பு, வாசனைத் திரவியம், ஹார்மோன், கொசு விரட்டி, காபியில் இருக்கும் காஃபீன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இப்போது மாதிரி எடுக்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். காலையில் காபி குடித்திருப்பார். ஆற்றங்கரை, கொசு கடிக்கும், கை காலெல்லாம் கொசு விரட்டி பூசியிருப்பார். கிருமிநாசினி சோப்பில் கை கழுவியிருப்பார். அந்தக் கையோடு பாட்டிலைத் திறந்தால், ஆற்றில் காஃபீன் இருக்கிறது என்று அறிக்கை வரும். ஆற்றிலா இருக்கிறது? ஐயா விரலில் இருக்கிறது! அதனால் இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நிறுவனம் வைத்திருக்கும் பத்தியப் பட்டியல் சபரிமலை விரதத்தைத் தோற்கடிக்கும். காபி, டீ, கோலா கூடாது. புகையிலை கூடாது. சென்ட் கூடாது. வெயில் கிரீம் கூடாது. கொசு விரட்டி கூடவே கூடாது. கடித்தால் கடித்துவிட்டுப் போகட்டும். நான் ஃபில்டர் காபிக்காரன். இந்த உத்தியோகம் எனக்கு ஒரு நாள்கூடத் தாங்காது.

இருவர் போவதும் உண்டு. ஒருவருக்கு 'சுத்தக் கை' என்று பெயர், இன்னொருவருக்கு 'அழுக்குக் கை'. சுத்தக் கை பாட்டிலை மட்டும்தான் தொடுவார். கதவு, கயிறு, பெட்டி, பேனா எல்லாம் அழுக்குக் கையின் பாடு. மடி ஆச்சாரம் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பாடம் எடுக்கவே தேவையில்லை. பாட்டில் பழுப்புக் கண்ணாடியில் இருக்கும், வெயில் உள்ளே போகாது. அதை 450 டிகிரி வரை சூளையில் சுட்டிருப்பார்கள். ஒட்டியிருக்கும் கரிமப் பொருள் எதுவானாலும் எரிந்துபோகும்.

எனக்கு மிகப் பிடித்த ஆள், 'வெற்று மாதிரி' பாட்டில். அதில் அப்பழுக்கற்ற தண்ணீரை ஆய்வகத்திலேயே நிரப்பி, வண்டியில் ஏற்றி, ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், மற்ற பாட்டில்களுக்கு என்னென்ன சடங்கோ அத்தனையும் செய்து, பனிக்கட்டியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவருவார்கள். ஓசியில் சுற்றுலா போய்வரும் பாட்டில்! திரும்பி வந்ததும் அதையும் சோதிப்பார்கள். அதில் கொசு விரட்டி தென்பட்டால், மாட்டிக்கொண்டது ஆறு இல்லை, மாதிரி எடுத்தவர். இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கொசு விரட்டி மருந்து வெற்று மாதிரிகளில் தலைகாட்டுவது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி.

தண்ணீர் வந்து சேர்ந்தது. அடுத்து என்ன? நம் ஃபில்டரைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரில் தூளிலிருக்கும் சாரத்தைத் தண்ணீர் திருடும். இங்கே தண்ணீரிலிருக்கும் சாரத்தைத் தூள் திருடும். பேனா மூடி அளவுக் குழல், உள்ளே ஒரு தூள். ஒரு லிட்டர் தண்ணீரையும் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இழுப்பார்கள். பிறகு கொஞ்சம் மெத்தனால் விட்டால், தூள் பிடித்ததை எல்லாம் விட்டுவிடும். அதை ஆவியாக்கி ஒரு மில்லிலிட்டருக்குக் கொண்டுவந்தால் ஆயிரம் மடங்கு கெட்டியான டிகாஷன். வழியில் எவ்வளவு சிந்தியது, எவ்வளவு ஒட்டிக்கொண்டு வராமல் போனது என்று எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. ஆரம்பத்திலேயே, கொஞ்சம் கனமான கார்பன் வைத்துச் செய்த காஃபீனை அளந்து போட்டுவிடுவார்கள். மந்தையில் மணி கட்டிய ஆடு மாதிரி. பத்து ஆட்டுக்கு மணி கட்டி விட்டு, ஏழுதான் திரும்பி வந்தது என்றால், மணி கட்டாத ஆடுகளிலும் அதே விகிதம் தொலைந்திருக்கும் என்று கணக்குப் போடலாம்.

கடைசியில் நிறை அலைமாலைக் கருவி. மூலக்கூறுகளை எடை போடும் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை மட்டும் பார்த்தால் போதாது, ஒரே எடையில் நாலு பேர் இருப்பார்கள். அதனால் எடை போட்டு, மோதி உடைத்து, உடைந்த துண்டையும் எடை போடும். 195-ல் வந்து 138 ஆக உடைந்ததா? காஃபீன். 192-ல் வந்து 119 ஆனதா? கொசு விரட்டி, டீட். கைரேகை பொய் சொன்னாலும் சொல்லும், இந்த ஜோடி எண் பொய் சொல்வது அபூர்வம்.

கோல்பின் குழுவின் தேடலில் என்ன ஆனது? 139 ஓடைகளில் 80 சதவீதத்தில் ஏதாவது ஒன்று கிடைத்தது. 95 பொருட்களில் 82 எங்காவது ஓரிடத்தில் தலைகாட்டின. ஒரே மாதிரியில் 38 பொருட்கள் இருந்த அதிசயமும் உண்டு. நகரங்களுக்கும் கால்நடைப் பண்ணைகளுக்கும் கீழே இருந்த ஓடைகளாகவே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடிக்கடி சிக்கியவர்களில் மனிதக் குடலில் உருவாகும் கோப்ரோஸ்டனால், நம் காஃபீன், கொசு விரட்டி, கிருமிநாசினி சோப்பின் டிரைக்ளோசன், எல்லோரும் உண்டு. ஒரு தெருவின் காலை நேரம் முழுக்க அதில் இருக்கிறது, பாருங்கள்!

இந்தப் பொருட்களுக்குள் குணபேதமும் உண்டு, அதுதான் துப்பறிவாளருக்கு விருந்து. காஃபீனை நல்ல சுத்திகரிப்பு நிலையம் பெரும்பாலும் தின்று தீர்த்துவிடும். ஆகவே ஆற்றில் காஃபீன் கணிசமாக இருந்தால், சுத்திகரிக்காத சாக்கடை எங்கோ கலக்கிறது. சுக்ரலோஸ் என்ற செயற்கைச் சர்க்கரையோ நேர்மாறு. நம் உடம்பும் அதை அனேகமாகத் தொடாது, சுத்திகரிப்பு நிலையமும் தொடாது. சர்க்கரை இல்லாத இனிப்பாகக் குடித்தது அப்படியே ஆறு வரைக்கும் போகும். காஃபீன் இல்லாமல் சுக்ரலோஸ் மட்டும் இருந்தால், சுத்திகரித்த தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். சாக்கடைக்கு இப்படி வயசு கேட்கலாம் என்று தெரிந்த நாளில் எனக்கு இருந்த குஷி இருக்கிறதே!

அளவைச் சொல்லாமல் விட்டால் பயந்துவிடுவீர்கள். இங்கே கணக்கு லிட்டருக்கு நானோகிராம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 10,300 கோடி லிட்டர். நிரம்பி வழியும் அந்த ஏரியில் 100 கிராம் சோப்புக் கட்டி ஒன்றைப் போட்டு முழுக்கக் கரைத்துவிட்டால், லிட்டருக்கு ஒரு நானோகிராம். அதையும் இந்தக் கருவிகள் பிடிக்கும்.

இந்த அளவுகோலோடு நம் ஊருக்கு வருவோம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி, பிச்சாவரம் அலையாத்திக் காடு ஆகிய இடங்களில் டிரைக்ளோசனையும், அழகு சாதனங்கள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாரபென்களையும், கார்பமசெபைன் என்ற வலிப்பு மாத்திரையையும் தேடி 2011-ல் வெளியிட்டார்கள். டிரைக்ளோசனில் முதல் பரிசு தாமிரபரணிக்கு. சராசரி, லிட்டருக்கு 944 நானோகிராம். மற்ற இடங்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு. நம் செம்பரம்பாக்கம் கணக்கில் 97 கிலோ. ஒரு நெல் மூட்டையைவிட அதிகம். அல்வாவுக்குப் பேர்போன தண்ணீரில் இப்படி ஒரு செய்தி! படித்தபோது குஷி கொஞ்சம் இறங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் 2016-ல் கை, உடம்பு கழுவும் சோப்புகளில் டிரைக்ளோசன் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டார்கள். வெறும் சோப்பையும் தண்ணீரையும்விட அது மேல் என்று கம்பெனிகளால் நிரூபித்துக்காட்ட முடியவில்லை.

ஆய்வகக் கருவி நமக்கு எட்டாது. பஞ்சும் டார்ச்சும் எட்டுமே! மருந்துக் கடைக்குப் போய்ச் சர்ஜிகல் காட்டன் ஒரு சுருள் வாங்கினேன். பிரிட்டிஷ் மருந்தியல் நூலில், மருத்துவப் பஞ்சைப் புற ஊதா விளக்கில் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில இழைகள் தவிர பளிச்சென்று நீலம் அடிக்கவே கூடாது என்று ஒரு சோதனையே இருக்கிறது. வீட்டில் அடித்துப் பார்த்தேன். மங்கல் பழுப்பு, தேறிவிட்டது. கொஞ்சம் பிய்த்து, தக்காளிக் கூடையில் வந்த பச்சை வலைத் துணியில் சுற்றி, மீன்பிடி நரம்பில் கட்டினேன். எங்கள் தெருமுனையில் மழைநீர் வடிகாலின் மூடி ஒன்று உடைந்து கிடக்கிறது. மழை பெய்து ஆறு வாரம் ஆகிறது. ஆனால் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. சென்னை வடிகால்களில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் விடுவதும், மாநகராட்சி ஆட்கள் அவ்வப்போது வந்து அடைப்பதும் புதிய சேதியா என்ன?

இறக்கிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு அண்ணன் வந்து நின்றார்.

"என்ன சார், மீனா?"

"சோப்பு பிடிக்கிறேன் அண்ணே."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எழுதுகிறவன் என்று தெரியும், பரிதாபப்பட்டிருப்பார்.

மூன்றாம் நாள் ராத்திரி எடுத்தேன். சேறும் நாற்றமும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிழிந்து, திண்ணை விளக்கை அணைத்து டார்ச்சை அடித்தேன். நீலம்! விளிம்பெல்லாம் நீலம், நடுவில் சேறு படிந்த இடம் மட்டும் கறுப்பு. நான் போட்ட கூச்சலில் அண்ணன் வந்துவிட்டார். டார்ச்சை என் கையிலிருந்து வாங்கித் தன் பனியன் மேல் அடித்தார். பஞ்சு மேல் அடித்தார். மறுபடியும் பனியன். ஒரே நீலம்.

"சார், இது யார் வீட்டுச் சோப்புன்னு இதுல தெரியுமா?"

"இதுல தெரியாதுண்ணே. ஆனா ஒவ்வொரு மூடியா திறந்து, மேல மேல பஞ்சு விட்டுக்கிட்டே போனா, ரெண்டு வீட்டுக்கு நடுவுல கொண்டு வந்து நிறுத்திடலாம்."

அவர் டார்ச்சை அணைத்து என் கையில் கொடுத்தார்.

"மூடியெல்லாம் கார்ப்பரேஷன் பொருள் சார். நாம தொடக் கூடாது."